கிளிப் இல்லாமல் துணி நிற்கும் கொடி: மலை வீட்டுக்கு எப்படிக் கட்டுவது?

குன்னூர்_மேல்தெரு

வணக்கம். குன்னூரில் வீட்டின் பக்கவாட்டில், தகரச் சரிவுக்கு அடியில், சுவருக்குச் சுவர் 5 மீட்டர் இடம் இருக்கிறது. அங்கே கிளிப்பே தேவைப்படாத துணிக்கொடி கட்ட வேண்டும். பிளாஸ்டிக் கிளிப் வெயிலில் வெளுத்து ஒடிகிறது. மரக் கிளிப்பின் ஸ்பிரிங் துருப்பிடித்துத் துணியில் கறை விடுகிறது. இரண்டும் வேண்டாம்.

ஒரு நேரத் துவைப்பு, கையால் பிழிந்தபின் சுமார் 8 கிலோ. ஒரு பக்கம் சிமெண்ட் பிளாக் சுவர், மறு பக்கம் மண் சாந்து வைத்துக் கட்டிய பழைய கல் சுவர். எந்தக் கயிறு, எத்தனை முறுக்கு, எவ்வளவு இறுக்கம்? ஆடிக் காற்றுக்குத் துணி நிற்குமா?

பந்தலூர்_பச்சை

ரெண்டு நைலான் கயிறை ஒண்ணா முறுக்கிக் கட்டுங்க. நடுவுல துணி முனையைச் செருகுனா நிக்கும். ஊருல தென்னங்கயித்துல செய்யுறதுதான்.

கயிறும்_கப்பியும்

வழி சரிதான். ஆனால் நைலான் வேண்டாம், தென்னங்கயிறும் வேண்டாம். நைலான் ஈரம் குடித்து நீளும். காலையில் விறைப்பாகக் கட்டியது ஈரத்துணி ஏறியதும் தொய்யும், தொய்ந்தால் பிடி போய்விடும். தென்னங்கயிற்றில் பிடி அருமையாக இருக்கும், ஆனால் நனைந்தால் பழுப்புச் சாயம் இறங்கும். வெள்ளை வேட்டியில் ஏறினால் போகாது. மலை ஈரத்தில் உள்ளே இற்றும் போகும்.

கடையில் மலிவாகக் கிடைக்கும் நீல, மஞ்சள் பிளாஸ்டிக் கயிறு பெரும்பாலும் பாலிபுரொப்பிலீன். புற ஊதாக் கதிருக்கு அது ஆகாது. உயரம் 1000 மீட்டர் கூடினால் அந்தக் கதிர் சுமார் 10 சதவீதம் கூடும். ஊட்டி 2240 மீட்டர். அந்தக் கயிறு பொடிப்பொடியாக உரிந்து, அந்தத் தூள் உள்ளாடைக்குள் போய்க் குத்தும்.

வாங்க வேண்டியது 4 மி.மீ. பாலியெஸ்டர் பின்னல் கயிறு. முறுக்குக் கயிறு அல்ல, பின்னல். முறுக்குக் கயிறு இரண்டை மறுபடி சேர்த்து முறுக்கினால், திசையைப் பொறுத்து உள்புரி பிரியும், இல்லாவிட்டால் சுருண்டு முடிச்சாகும். பின்னலுக்கு அந்தத் தொல்லை இல்லை.

துணி எப்படி நிற்கிறது என்பது புரிந்தால் மீதி எல்லாம் தானாக வரும். இருபுரிக் கயிறு, அதாவது இரண்டு கயிறு (புரி) சேர்த்து முறுக்கியது, இழுபடும்போது இரண்டு புரியும் நேராக முயலும். ஒன்றை ஒன்று சுற்றியிருப்பதால் நேராக முடியாமல் ஒன்றையொன்று நெருக்கும். அந்த நெருக்கத்தில்தான் துணி மாட்டிக்கொள்கிறது. ஆகவே பிடி இரண்டைப் பொறுத்தது: கயிற்றின் இழுவிசை, ஒரு முழுச் சுற்று எத்தனை செ.மீ.க்கு ஒரு முறை வருகிறது என்ற புரி நீளம். இழுவிசை இரட்டித்தால் பிடி இரட்டிக்கும். புரி நீளம் பாதியானால் பிடி ஏறக்குறைய நான்கு மடங்கு. 10 செ.மீ.க்கு ஒரு சுற்று என்று கையால் சும்மா சுற்றிவிட்டு "நழுவுது" என்று கைவிடுகிறவர்கள்தான் அதிகம். 5 செ.மீ.க்கு ஒரு சுற்று வையுங்கள். அதற்கும் நெருக்கமாக முறுக்கினால் குளிரில் மரத்த விரலால் புரியைப் பிரிக்க முடியாது.

குன்னூர்_மேல்தெரு

5 மீட்டருக்கு 5 செ.மீ. என்றால் 100 சுற்று. கையால் எப்படி?

கயிறும்_கப்பியும்

துளை போடும் டிரில்லில் கொக்கி மாட்டிச் சுற்றலாம். வரிசை இது.

12 மீட்டர் கயிறு ஒரே துண்டாக எடுங்கள். பாதியில் மடித்து, மடிப்பை ஒரு சுவர்க் கொக்கியில் மாட்டுங்கள். இரண்டு வாலையும் மறு பக்கம் கொண்டுபோய் ஒரு எஃகு வளையத்தில் முடியுங்கள். முடிவதற்கு முன் இரண்டு புரியும் ஒரே நீளமா என்று தட்டிப் பாருங்கள். ஒன்று தளர்ந்திருந்தால் முறுக்கியபின் அது மற்றதன் மேல் பாம்பு மாதிரிச் சுற்றும், பிடியே இருக்காது. இந்த ஒரு இடத்தில் அவசரப்படாதீர்கள்.

வளையத்தை டிரில் கொக்கியில் மாட்டி, மெதுவான வேகத்தில் 100 சுற்று. முறுக்க முறுக்கக் கயிறு குறுகும். 4 மி.மீ. கயிற்றில் 5 செ.மீ. புரிக்கு 3 சதவீதம், அதாவது 5 மீட்டருக்குச் சுமார் 15 செ.மீ. அந்தக் கணக்கை முன்பே விட்டு, டிரில்லைப் பிடித்தபடி முன்னால் நகர்ந்து வர வேண்டும். 8 செ.மீ. புரி என்றால் 6 செ.மீ. தான் குறுகும், ஆனால் பிடியும் பாதிக்குக் கீழே இறங்கிவிடும்.

முறுக்கி முடிந்ததும் வளையத்தைக் கட்டிங் பிளையரால் பிடித்தபடியே கொக்கிக்கு மாற்றுங்கள். ஒரு நொடி விட்டால் எல்லாச் சுற்றும் ஓடிவிடும்.

பூம்பாறைப்_பூண்டு

டிரில் இல்லாமலும் செய்யலாமே. இரண்டு முனையையும் சுவரில் கட்டிவிட்டு, நடுவில் ஒரு குச்சியைப் புரிகளுக்கு இடையே நுழைத்து முறுக்கினால் இரண்டு பக்கமும் முறுக்கு ஏறும். இறுக்கமும் சேர்ந்தே வரும்.

கயிறும்_கப்பியும்

ஏறும். ஆனால் இடப்பக்கம் ஒரு திசையிலும் வலப்பக்கம் எதிர்த் திசையிலும் ஏறும். குச்சியை எடுத்த கணமே ஒன்றை ஒன்று அவிழ்த்துவிடும். குச்சி நிரந்தரமாக அங்கேயே இருக்க வேண்டும், சுழலாமல் அதன் ஒரு நுனியைக் கீழே எதிலாவது கட்டவும் வேண்டும். கொடியின் நடுவில் தரையோடு கட்டிய கயிறு இருந்தால் போர்வை காயப்போட முடியாது. அதோடு இறுக்கம் எவ்வளவு ஏறியது என்று கை சொல்லாது. பழைய சுவர்க் கொக்கி பிடுங்கிக்கொண்டு வருவது பெரும்பாலும் இப்படித்தான். 2 மீட்டர் பால்கனிக்குச் சரி, 5 மீட்டருக்கு வேண்டாம்.

பூம்பாறைப்_பூண்டு

சரிங்க, 5 மீட்டருக்கு ஒப்புக்கொள்கிறேன்.

மரவேலை_கோத்தகிரி

சுவர்ப் பேச்சு வந்ததால் சொல்கிறேன். கொடியைக் கம்பி மாதிரி விறைப்பாகக் கட்டக் கூடாது. தொய்வைக் குறைக்கக் குறைக்கச் சுவர் மேல் இழுப்பு ஏறும். 5 மீட்டர் கொடியில் 8 கிலோ சீராகப் பரவியிருந்தால்:

நடுத் தொய்வு 25 செ.மீ. என்றால் இழுப்பு 20 கிலோ.
10 செ.மீ. என்றால் 50 கிலோ.
5 செ.மீ. என்றால் 100 கிலோ.

அதே 8 கிலோ நடுவில் ஒரே இடத்தில் தொங்கினால், அதே தொய்வுக்கு இழுப்பு இரண்டு மடங்கு. அதனால் ஜீன்ஸ், துண்டு எல்லாம் சுவர் ஓரம், சட்டை, பாவாடை நடுவில்.

சிமெண்ட் பிளாக் பக்கம் 10 மி.மீ. ஆங்கர் ஃபாஸ்ட்னர் (துளைக்குள் விரிந்து பிடிக்கும் ஆணி) போதாதா என்று கேட்பீர்கள். பிளாக் உள்ளே பொள்ளலாக இருந்தால் ஃபாஸ்ட்னர் விரியும்போது பிளாக்கின் மெல்லிய பக்கத்தை உடைக்கும். திடமான பிளாக்கா என்று தட்டிப் பாருங்கள். பொள்ளல் என்றால் அந்த இடத்தைக் கான்கிரீட் போட்டு அடைத்து, ஒரு வாரம் தண்ணீர் காட்டியபின் துளை போடுங்கள்.

மண் சாந்துக் கல் சுவரில் ஃபாஸ்ட்னரும் வேண்டாம், ராவல் பிளக்கும் (திருகாணிக்காகத் துளையில் செருகும் உறை) வேண்டாம். கல்லுக்கு நடுவில் துளைத்தால் கல் பிளக்கும், இடுக்கில் துளைத்தால் மண் உதிரும். இரண்டு வழி உண்டு. ஒன்று, சுவருக்கு மறுபுறம் வரை துளைத்து 10 மி.மீ. மரையாணிக் கம்பி நுழைத்து, அந்தப் பக்கம் 10 க்கு 10 செ.மீ. இரும்புத் தகடு வைத்து நட்டு இறுக்குவது. இரண்டு, சுவரைத் தொடாமல் தனித் தூண். 50 மி.மீ. ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாய், 60 செ.மீ. குழியில் கான்கிரீட். மழையில் தூண் அடியில் தண்ணீர் தேங்காமல் கான்கிரீட் மேல்முகம் வெளிப்பக்கம் சரிந்திருக்க வேண்டும். தூண் உச்சியை மூடி வையுங்கள், இல்லையென்றால் உள்ளே தண்ணீர் இறங்கித் துரு பிடிக்கும்.

சில்வர் ஓக் மரத்தில் கட்ட நினைப்பவர்களுக்கு: மரம் ஆடும், கொடி ஆடாது. பெருங்காற்றில் கயிறு அறும் அல்லது எதிர்ச் சுவர் கொக்கி வரும். கம்பி வளையம் போட்டால் பட்டைக்குள் அறுத்துக்கொண்டு போகும்.

நடுவட்டம்_காற்று

எங்கள் பக்கம் ஜூனில் தொடங்கி செப்டம்பர் வரை தென்மேற்குக் காற்று நேராக மோதும். இருபுரிக் கொடி தோற்கும் இடம் காற்றுதான், எடை அல்ல. காரணம் எளிது. துணி கீழே தொங்கும்போது கொடி இழுபட்டுப் பிடி வருகிறது. காற்று துணியை மேலே தூக்கும் கணத்தில் எடை போய்விடுகிறது, கொடி தளர்கிறது, புரி திறக்கிறது. அடுத்த வீச்சில் துணி வெளியே.

முதல் மாற்று: கொடி திசை. காற்று வரும் திசைக்குக் குறுக்கே கட்டினால் துணி பாய் மாதிரி விரியும். காற்றின் போக்கிலேயே நீளவாக்கில் கட்டினால் துணியின் இரு பக்கமும் காற்று வழுக்கிப் போகும், அடிப்பும் குறையும், காய்வதும் சீக்கிரம். மலைச் சரிவில் பகலில் காற்று பள்ளத்திலிருந்து மேலேறும், இரவில் கீழிறங்கும். சரிவின் ஏற்ற இறக்கத்தோடு ஒட்டிக் கட்டினால் இரண்டுக்கும் பொருந்தும்.

இரண்டாவது, ஒரு முனையில் ஸ்பிரிங். இது இல்லாமல் மலையில் கிளிப் இல்லாக் கொடி முழுமையாகாது.

கயிறும்_கப்பியும்

நடுவட்டத்துக்காரர் சொன்னதுதான் இந்த உரையாடலில் முக்கியமான விஷயம். அளவோடு தருகிறேன்.

1 செ.மீ. நீளுவதற்கு ஒன்றரைக் கிலோ இழுப்பு கேட்கும் இழுவை ஸ்பிரிங் வேண்டும். கடையில் அளவு கேட்டால் சொல்லமாட்டார்கள், நீங்களே சோதிக்கலாம்: ஸ்பிரிங்கைத் தொங்கவிட்டு, தண்ணீரோடு சேர்த்து 15 கிலோ வரும் வாளியை மாட்டுங்கள். 10 செ.மீ. அளவில் நீண்டால் அதுதான். கதவு தானாக மூட மாட்டும் நீள ஸ்பிரிங்குகளில் பொருத்தமானது கிடைக்கும். பைக் சைடு ஸ்டாண்டு ஸ்பிரிங் வேண்டாம், குட்டை, விறைப்பு அதிகம், நீளவே நீளாது.

வெறும் கொடியிலேயே ஸ்பிரிங் 10 செ.மீ. நீண்டிருக்கும்படி கட்டுங்கள். அப்போது இழுவிசை 15 கிலோ. 8 கிலோ துணி ஏறியதும் நடு 25 செ.மீ. தொய்யும், ஸ்பிரிங் இன்னும் 3 செ.மீ. சொச்சம் நீளும், இழுவிசை 20 கிலோ ஆகும். காற்று எல்லாத் துணியையும் தூக்கினாலும் இழுவிசை 15 க்குக் கீழே போகாது. புரி திறக்க வழியில்லை. சுவருக்கும் 20 கிலோவுக்கு மேல் சுமை இல்லை. மரவேலைக்காரரின் கணக்கும் இதுவும் ஒரே இடத்தில் வந்து நிற்பதைப் பாருங்கள்.

ஒரு எச்சரிக்கை. ஸ்பிரிங் தானாகச் சுழன்று முறுக்கை அவிழ்க்கும். கயிற்று வளையத்துக்குள் 15 செ.மீ. கம்பி ஒன்றைக் குறுக்கே நுழைத்து, அதன் ஒரு நுனியைச் சுவரில் இன்னொரு கொக்கியோடு தளர்வாகக் கட்டிவிடுங்கள். முன்னும் பின்னும் நகரலாம், சுழலக் கூடாது. டர்ன்பக்கிள் (திருகி இறுக்கும் இணைப்பு) போட்டாலும் இதே தடுப்பு வேண்டும்.

ஸ்பிரிங் கிடைக்காவிட்டால் கப்பியும் 15 லிட்டர் தண்ணீர்க் கேனும். இழுவிசை எப்போதும் 15 கிலோ, அதனால் தொய்வு 33 செ.மீ. வரை போகும், கேன் 6 செ.மீ. மேலே ஏறும். இருபுரியை அப்படியே கப்பியில் ஓட்டாதீர்கள். வளையம் வரைக்கும் இருபுரி, அதற்கப்புறம் ஒற்றைக் கயிறு. குறுக்குக் கம்பித் தடுப்பு இங்கேயும் வேண்டும்.

பந்தலூர்_பச்சை

ஸ்பிரிங்குக்குப் பதிலா பைக் டியூபை வெட்டிப் போடலாமா?

கயிறும்_கப்பியும்

போடலாம், நாலு சுற்று. வெயிலில் வெடிக்கும், வெடிப்பு தெரிந்ததும் மாற்றுங்கள். துணி படாத தூரத்தில் இருக்க வேண்டும், கறுப்பு ரப்பர் வெள்ளைத் துணியில் கோடு போடும். டியூபை மூன்றாகக் கீறிப் பின்னி அதையே கொடியாக்குபவர்கள் உண்டு. பிடி நன்றாக வரும், ஆனால் அதே கறை.

வெள்ளாவி

துணி பக்கமிருந்து நான் சொல்லுறேன்.

செருகும்போது நுனியை மட்டும் மாட்டாதீங்க, 4 செ.மீ. உள்ளே போய் மறுபக்கம் தெரியணும். மெல்லிய துணின்னா முனையை ரெண்டா மடிச்சுச் செருகுங்க. பாலியெஸ்டர் சேலை, பட்டு, நைலான் துப்பட்டா வழுக்கும். அதுக்கு முனையை ஒரு இடுக்குல நுழைச்சு, பக்கத்து இடுக்கு வழியாத் திருப்பி எடுங்க. ஒரு செருகலுக்கு அரைக் கிலோன்னு வச்சுக்குங்க. பிழிஞ்ச துண்டு ஒரு கிலோ வரைக்கும் வரும், ரெண்டு முனையும் செருகணும்.

ஜீன்ஸை இடுப்புப் பட்டியில செருக முடியாது, தடிமன். தலைகீழாத் திருப்பி, கால் மடிப்புல ரெண்டு இடம். இடுப்புப் பக்கம் கனமா இருக்கிறதால சுருக்கமும் தானா நேராகும்.

பட்டுச் சேலை, ஜரிகை, கையால பூ வேலை செஞ்ச துணி, தோடர் பூத்துக்குளி (தோடர்களோட பூவேலைப் போர்வை) எதையும் புரிக்குள்ள செருகாதீங்க. இழை இழுபடும். அதெல்லாம், போர்வையும்கூட, குழாய் மேல போட்டு எடுக்கிறதுதான் முறை. கம்பளி ஸ்வெட்டரைத் தொங்கவே விடக் கூடாது, தோள் நீண்டு போயிடும். ரெண்டு கொடிக்கு நடுவுல பழைய கொசுவலையைக் கட்டி அதுமேல படுக்க வைங்க.

உறைபனி விழும் மார்கழி, தை ராத்திரியில வெளியே விட்ட துணி விடிகாலையில பலகையா நிக்கும். அப்படியே பிடிச்சு இழுத்தா புரி இடுக்குல கிழியும். வெயில் பட்டு இளகுற வரைக்கும் கை வைக்காதீங்க.

குன்னூர்_மேல்தெரு

போர்வைக்குக் குழாய் என்றால் என்ன அளவு?

மரவேலை_கோத்தகிரி

25 மி.மீ. ஜி.ஐ. குழாய், 2 மீட்டர், இரண்டு பக்கமும் தாங்கு. குழாய்க்குப் பிடியே தேவையில்லை. மேலே மடித்துப் போட்ட துணி உராய்விலேயே நிற்கும். உராய்வு எண் 0.3 என்று வைத்தாலும் ஒரு பக்கம் மற்றதைப் போல இரண்டரை மடங்கு கனக்கும் வரை வழுக்காது. இந்தக் கணக்கில் குழாயின் தடிமனுக்கு வேலை இல்லை. தடிமனின் பயன் வேறு: இரண்டு மடிப்பும் ஒட்டாமல் விலகி நிற்கும், நடுவில் காற்று போகும், மடிப்புத் தடமும் விழாது.

சட்டைக்கு ஊரில் செய்வதுபோல மூங்கில் கழியை ஒரு கைக்குள் நுழைத்து மறு கை வழியாக எடுத்தால் எந்தக் காற்றும் அசைக்காது. கழியின் இரு நுனியும் கொக்கியில் உட்கார வேண்டும், அவ்வளவுதான்.

ஊட்டி_உறைபனி

ஹேங்கரில் காயப்போடுகிறவர்களுக்குக் கயிற்றை விடச் சங்கிலி நல்லது. கொடி நீளத்துக்கு ஜி.ஐ. சங்கிலி, கண்ணிக்குள் ஹேங்கர் கொக்கி. சரிந்து ஒரு மூலையில் குவியாது. நான்கு கண்ணிக்கு ஒன்று என மாட்டினால் இடைவெளி சரியாக வரும். காற்றில் கொக்கி மேலெழும்பிக் கழன்றுவிடும் என்பதுதான் குறை. கொக்கியின் திறந்த வாயில் சைக்கிள் வால்வு டியூபைத் துண்டாக வெட்டி மாட்டினால் கண்ணியோடு நெருங்கி உட்காரும். துத்தநாகப் பூச்சு தேய்ந்த கண்ணியை உடனே மாற்றுங்கள், துருக் கறை எலுமிச்சை போட்டாலும் முழுதாக விடாது.

பூம்பாறைப்_பூண்டு

கொடைக்கானலில் ஐப்பசி, கார்த்திகையில் மூன்று நாள் ஆனாலும் காய்வதில்லை. கொடி எப்படி இருந்தாலும் ஈரம் ஈரம்தானே?

நடுவட்டம்_காற்று

முழுக்க அப்படியில்லை. 30 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று 30 கிராம் நீராவி வரை தாங்கும். 15 டிகிரியில் 13 கிராம் தான். அதிலும் ஈரப்பதம் 90 சதவீதம் என்றால் மிச்ச இடம் 1.3 கிராம். 8 கிலோ ஈரத்துணியில் 4 கிலோ தண்ணீர் இருந்தால், குறைந்தது 3000 கன மீட்டர் காற்று அந்தத் துணியை உரசிப் போக வேண்டும். ஈரப்பதம் 60 ஆக இறங்கிய நாளில் 800 க்குள் முடியும். ஆகவே மழைக்காலத்தில் வெப்பத்தை விடக் காற்றோட்டம் முக்கியம். கொடிக்குக் கொடி 40 செ.மீ., சுவரிலிருந்தும் அதே அளவு தள்ளி. துணி ஒன்றோடொன்று தொட்டால் தொட்ட இடத்தில்தான் கரும்புள்ளிப் பூஞ்சை பிடிக்கும். மஞ்சு (மூடுபனி) இறங்கும் முன், பிற்பகல் 3 மணிக்குள் உள்ளே எடுங்கள். மஞ்சில் விட்டால் காய்ந்த துணி மறுபடி ஈரம் குடிக்கும்.

வெள்ளாவி

கொடியையும் துவைக்கணும். மழைக்காலத்துல புரி இடுக்குல பச்சைப் பாசி பிடிக்கும், அது வெள்ளைத் துணியில பதியும். மாசத்துக்கு ஒரு தடவை வெந்நீர்ல சலவைச் சோடா போட்டு, முறுக்கோட அப்படியே தேயுங்க.

மரவேலை_கோத்தகிரி

உயரத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானல் எங்கும் காட்டெருமை வீட்டுத் தோட்டம் வரை வருகிறது. திறந்த இடத்தில் ஆள் உயரக் கொடி அதன் கொம்புக்குச் சரியாக வரும். மாட்டிக்கொண்டால் பாலியெஸ்டர் கயிறு லேசில் அறாது. மாடும் படும், தூணும் போகும். வேலி இல்லாத இடம் என்றால் ஸ்பிரிங் முனையை மாலையில் கழற்றிச் சுருட்டி வைக்கும்படி கொக்கி அமையுங்கள்.

குன்னூர்_மேல்தெரு

கழற்றினால் முறுக்கு ஓடிவிடுமே?

கயிறும்_கப்பியும்

கழற்றுவதற்கு முன் வளையத்துக்கு அருகே இரண்டு புரியையும் சேர்த்து ஒரு கட்டு, மறு முனையில் ஒரு கட்டு, மெழுகு நூலால் பத்துச் சுற்று. அது நிரந்தரமாகவே இருக்கலாம். அப்போது இரு முனையிலும் புரிகள் தனித்தனியாக விலகாது. ஆனால் மொத்தக் கொடியும் தளர்ந்தால் முறுக்கிச் சுருளும். அதனால் சுவர்க் கொக்கியிலிருந்து எடுத்த கையோடு, வளையக் கம்பியை விடாமல் 30 செ.மீ. அகலப் பலகைத் துண்டில் சுற்றி, கம்பியைப் பலகையின் வெட்டுக்குள் அடக்குங்கள். காலையில் கம்பியைப் பிடித்தபடியே பிரித்து மாட்டலாம். உங்கள் இடம் தகரச் சரிவுக்கு அடியில், இரு பக்கமும் சுவர். எருமை நுழைய வழியில்லை என்றால் கழற்றவே வேண்டாம்.

குன்னூர்_மேல்தெரு

ஒரு பக்கம் திறப்பு இருக்கிறது. பலகை வெட்டோடு செய்துவிடுகிறேன். மண் சுவர்ப் பக்கம் ஊடுருவிப் போகும் மரையாணிக் கம்பி, பிளாக் பக்கம் ஸ்பிரிங். இது சரிதானே?

மரவேலை_கோத்தகிரி

சரி. மண் சுவரில் துளையைக் கொஞ்சம் வெளிப்பக்கம் சாய்வாகப் போடுங்கள், மழைத் தண்ணீர் கம்பி வழியே உள்ளே வராது. தகட்டுக்கும் சுவருக்கும் நடுவில் சிமெண்ட் கலவை ஒரு பூச்சு, அது காய்ந்தபிறகே நட்டை இறுக்குங்கள்.